ஆப்பிரிக்கத் தொண்டூழியப் பயணம்: காசு கட்டுமுன் விசாரிக்க வேண்டியவை

முதலில் கேளுங்கள்: இன்வாய்ஸ் யார் பெயரில் வரும்? இணையப் பக்கத்தில் பளபளக்கும் பெயர் ஒன்று, காசு வாங்கும் நிறுவனம் வேறொன்று என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். நான் தணிக்கை வேலை பார்ப்பவள். ஏ நிலைத் தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் திறக்கும்வரை கென்யாவுக்குப் போய்த் தொண்டூழியம் செய்யத் துடிக்கும் அக்கா மகள், "சித்தி, இந்தக் கம்பெனி ஓகேவா?" என்று கைப்பேசியை நீட்டினாள். நான் படங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிவு எண் இருக்கிறதா என்றுதான் தேடினேன்.

சிங்கப்பூர் நிறுவனம் என்றால், இங்கே நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் (ACRA) பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைப் போட்டால் போதும், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இங்கே பயணத் தொகுப்பு விற்பவர்களுக்குப் பயணத்துறைக் கழகத்தின் பயண முகவர் உரிமமும் வேண்டும். பிரிட்டிஷ் நிறுவனமா? அங்குள்ள கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேட்டில் ஆண்டுக் கணக்குகளை இலவசமாகவே பார்க்கலாம். அதில் நான் முதலில் தேடுவது லாபத்தை அல்ல. அதே இயக்குநர்கள் இதற்கு முன் எத்தனை கம்பெனி திறந்து மூடியிருக்கிறார்கள் என்பதைத்தான். தகராறு என்று வந்தால் இங்குள்ள சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் சிங்கப்பூரில் முகவரியே இல்லாதவர்களிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் என்ன செய்வது?

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்வது ஒன்று உண்டு: ஆதரவற்ற குழந்தைகள் இல்லம். அக்கா மகள் காட்டியதும் அதுதான். இத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு, சாப்பாடு என்று ஆசைகாட்டி ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருவதும் நடக்கிறது. கட்டில் நிறைந்தால்தானே வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், நன்கொடை வரும்? கென்யா 2017இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட பராமரிப்புச் சீர்திருத்தத் திட்டம், இருக்கிற இல்லங்களில் உள்ள பிள்ளைகளையும் பத்தாண்டுக்குள் குடும்பப் பராமரிப்புக்கு மாற்றச் சொல்கிறது. இல்லங்களில் தொண்டூழியம் என்ற பெயரில் நடப்பதால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டை, 2019 டிசம்பரில் ஐநா பொதுச்சபையே ஒரு தீர்மானத்தில் எடுத்துச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் அதை விற்கிறார்கள் என்றால், ஒன்று அவர்களுக்கு விவரம் தெரியவில்லை, இல்லை தெரிந்தேதான் விற்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் 'வனவிலங்குப் பாதுகாப்பு'ம் இதே ரகம். மனிதர் கையில் வளர்ந்த குட்டியைக் காட்டில் விட முடியாது. பெரிதானதும் வேலிக்குள் வைத்துச் சுடுகிறவர்களிடம் அது போய்ச் சேரலாம். கூண்டுச் சிங்க வளர்ப்பை நிறுத்தப்போவதாக அந்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது.

சரி, வேறு எதை வைத்து எடைபோடுவது? அவர்கள் உங்களை எவ்வளவு குடைகிறார்கள் என்று பாருங்கள். அக்கா மகள் காட்டிய கம்பெனிக்கு நானே வாட்ஸ்அப்பில் எழுதினேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயது, வகுப்பெடுத்த அனுபவம் இல்லை, பரவாயில்லையா? "நோ ப்ராப்ளம் மேடம்." போலிஸ் நற்சான்றிதழ் கேட்பீர்களா? ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பிள்ளைகளோடு வேலை என்கிறீர்கள், யார் வேண்டுமானாலும் வரலாமா? அதற்குப் பதிலே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று ஒரு சுவரொட்டி வந்தது.

இன்னொரு நிறுவனம் பதில் போடவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. போட்ட பதிலில் அவளுடைய தன்விவரம், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, காணொளி நேர்காணல் மூன்றும் கேட்டார்கள். தனியாக வகுப்பெடுக்க அனுமதியில்லை, உள்ளூர் ஆசிரியருக்கு உதவியாக மட்டும் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அக்கா மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ அந்த வரியைப் படித்ததும்தான் நம்பிக்கை வந்தது. மருத்துவமனைத் திட்டங்களுக்கும் இதுவே அளவுகோல்: இங்கே பலதுறை மருந்தகத்தில் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்ய விடுகிற நிறுவனம் வேண்டாம்.

அடுத்தது கட்டணம். அவள் காட்டியதில் விமானச் சீட்டு இல்லாமல் 3,400 வெள்ளி. 'எல்லாம் உள்ளடக்கம்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். தங்க இடம் தரும் குடும்பத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, உங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். லாபம் பார்ப்பது குற்றமில்லை; நாங்கள் மட்டும் தணிக்கையை இலவசமாகவா செய்கிறோம்? மறைப்பதுதான் உதைக்கிறது. கூடவே, தொண்டூழியர் வராத மாதங்களில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். உள்ளூர்க்காரர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையை உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்கே கொடுக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

விசா விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. தான்சானியாவில் சம்பளமில்லாத தொண்டூழியத்துக்கும் 'சி' பிரிவு அனுமதி வேண்டும். "சுற்றுலா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாட்டினால் மாட்டுவது உங்கள் பிள்ளை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி அவர்களாகவே பேச்செடுக்கிறார்களா என்றும் பாருங்கள். கென்யா, உகாண்டா, கானா போன்ற நாடுகளிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சிங்கப்பூர் வருவோர் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுதும் செல்லும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள், தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பணம் திரும்பத் தரும் நிபந்தனை எழுத்தில் இருக்கட்டும். கிளம்புமுன் வெளியுறவு அமைச்சின் தளத்தில் பயணத்தைப் பதிவு செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.