காலண்டர் இல்லாமல் ராகு காலம் பார்க்க

பெண் பார்க்கக் கிளம்பும்போதுதான் தினசரித் தாளை யாராவது கிழித்து எறிந்திருப்பார்கள். அப்போது கைகொடுக்க பாட்டிமார் சொல்லிவைத்த ஒரு வரி போதும்: ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?’

ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் காலை 7.30, சனி 9.00, வெள்ளி 10.30, புதன் 12.00, வியாழன் 1.30, செவ்வாய் 3.00, ஞாயிறு மாலை 4.30. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். யமகண்டத்துக்குப் பாட்டே வேண்டாம்: வியாழன் காலை 6.00, புதன் 7.30, செவ்வாய் 9.00 என்று கிழமையைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் வெள்ளி 3.00 மணியில் முடியும்.

ஒன்று கவனியுங்கள். இதெல்லாம் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் நாளுக்கான கணக்கு. உண்மையில் ராகு காலம் என்பது பகல் பொழுதின் எட்டில் ஒரு பங்கு. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் 6.35 வாக்கில் உதித்து 6.00 மணியளவில் மறைகிறது. பங்குக்கு சுமார் 86 நிமிடம்தான். அதனால் திங்கட்கிழமை ராகு காலம் ஏறக்குறைய 8.00 முதல் 9.26 வரை. ‘ஒன்பது அடிச்சாச்சு, கிளம்பலாம்’ என்று செருப்பை மாட்டினால், கணக்குப்படி இன்னும் ராகு காலம்தான்!

லண்டனில் இருக்கும் மகனுக்கு நம்மூர் காலண்டரைப் படமெடுத்து அனுப்புகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஜூன் மாதத்தில் ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அந்த ஊர் உதயம், அஸ்தமனம் பார்த்து எட்டால் வகுக்கச் சொல்லுங்கள்.