கிரில்லுக்கு ஒரு போர்வை: சுங்கை சிப்புட்டில் தைத்து சஸ்காட்டூனுக்கு அனுப்பிய கதையும் செய்முறையும்

போன தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குக் கிளம்பிய வேன் ஒன்று, புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் ஆவி பறக்க நின்றுவிட்டது. காரணத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. முகப்பை முழுக்க மூடி, வேல் படம் போட்ட பிளாஸ்டிக் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று போக வழியில்லை, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அந்தப் பேனருக்கு ஓரம் தைத்து வளையம் அடித்துக் கொடுத்தது என் குஷன் கடைதான் என்பதை நான் அங்கே வாய் திறந்து சொல்லவில்லை.

அதே வாரம் கனடாவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். சஸ்காட்டூனில் டீசல் பிக்அப் ஓட்டுகிறான்.

“மாமா, எஞ்சின் சூடே ஆவ மாட்டேங்குது. ஹீட்டர்ல பச்சக் காத்துதான் வருது. இங்க எல்லாரும் கிரில்லுக்கு முன்னால துணி ஒன்னு கட்டுறாங்க. நீங்க தச்சுத் தர முடியுமா?”

கிரில் என்றால் வண்டி முகப்பில் காற்று உள்ளே போகும் கம்பிச் சட்டம். புக்கிட் பெராபிட்டில் அந்த வேனைக் கொதிக்கவைத்த வேலையைத்தான் இவன் காசு கொடுத்துக் கேட்கிறான்! சரி என்று இறங்கினேன். இரண்டு முறை தைத்தேன், முதலாவது பாழ். அந்த அனுபவத்தில், தையல் மெஷினை ஓரளவு ஓட்டத் தெரிந்த யாரும் செய்யும்படி எழுதுகிறேன். குளிர்நாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு உதவும்.

துணியைத் தொடும் முன்

நம் மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1978இல் கேமரன் மலையில். கனடாவில் பதிவானது -63 டிகிரி. 1947இல், யூக்கான் பகுதியில் ஸ்னாக் என்ற இடத்தில். மருமகன் இருக்கும் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும் ஜனவரி இரவில் -30 வரை இறங்குவது அபூர்வமில்லை.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவமான கூலன்ட் 80, 90 டிகிரியை நெருங்கும்போதுதான் அந்த மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டுமே சுற்றும். அப்படியானால் ரேடியேட்டர் குளிர்ந்து கிடந்தால் நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் -30 டிகிரிக் காற்று ரேடியேட்டரோடு நிற்பதில்லை. அதைத் தாண்டிப் போய் எஞ்சின் மேலும் ஆயில் தொட்டி மேலும் அடித்து, சேர்கிற சூட்டை அப்போதைக்கப்போது வாரிக்கொண்டு போகிறது. டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது எரிக்கிற எண்ணெய் கொஞ்சம், உறிஞ்சுகிற காற்று நிறைய. அதனால் நிறுத்திவைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சூடு சீக்கிரம் ஏறாது.

உறை தானாகச் சூடு எதையும் உண்டாக்காது. காற்று திருடுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். விடியற்காலை ஸ்டார்ட் ஆகவே இல்லை என்றால் அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கரண்டில் சொருகி எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர்தான் மருந்து.

இன்னொன்று. நம் பக்கத்தில் பழைய செம்பனை லோரிகளில் சூடு ஏறினால் போதும், போர்மேன் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுவார். அது இங்கேயே நல்ல பழக்கமில்லை, அங்கே பெருந்தவறு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் சூடாகாது. நல்ல சாலையில் அரை மணி நேரம் ஓட்டியும் சூடு காட்டும் முள் மேலே வரவில்லை என்றால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதை மூடி மறைக்கத் துணி தைக்கக் கூடாது.

முதல் வேலை: படி எடுப்பது

டேப் மட்டும் வைத்து அளந்தால் வளைவுகள் தப்பிவிடும். மருமகனை, சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் கண்ணாடி பிளாஸ்டிக் ஒன்றை வாங்கி கிரில் மேல் ஒட்டி, மார்க்கர் பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரையச் சொன்னேன். வெளியில் வரைந்தான், பேனா மை உறைந்துபோய் எழுதவில்லை. அப்புறம் கராஜுக்குள் கொண்டுபோய் வரைந்தான்.

அந்தப் படியில் நான்கு விஷயங்களைக் குறித்தே ஆக வேண்டும். ரேடாரும் கேமராவும் எங்கே இருக்கின்றன (புது வண்டிகளில் கம்பெனி முத்திரைக்குப் பின்னால் ரேடார் ஒளிந்திருக்கும்), வெளி வெப்பத்தை அளக்கும் சென்சார் எங்கே, விளக்குகள் எங்கே, ஃபேனின் மையம் எங்கே. முதல் மூன்றையும் மூடவே கூடாது. நான்காவது ஏன் என்பது கீழே வருகிறது. கிரில்லுக்குப் பின்னால் தானாக மூடித் திறக்கும் பலகைகள் உள்ள வண்டி என்றால் உங்களுக்கு இந்த உறையே வேண்டாம், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

துணி: என் முதல் தோல்வி

கடையில் சீட்டுக்குத் தைத்து மிஞ்சிய கறுப்பு ரெக்சின் ஒரு கஜம் கிடந்தது. கனமாக, பளபளப்பாக, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அதில் தைத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வீடியோவில் காட்டினான். காலையில் கழற்றி மடித்திருக்கிறான், மடிப்பு விழுந்த இடமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. ரெக்சினில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் குளிரில் இறுகிவிடும் என்பதை முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் நான் யோசிக்கவில்லை. நம் ஊரில் அதற்குத் தேவை எங்கே வந்தது?

இரண்டாம் முறை கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, வீட்டு ஃப்ரீசரில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் ஒரு இரவு வைத்தேன். நல்ல ஃப்ரீசர் -18 டிகிரி இருக்கும். காலையில் எடுத்த கையோடு, சூடு ஏறும் முன், ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து அழுத்தினேன். ரெக்சின் வெள்ளைக் கோடு விட்டது. லோரிக் கன்வாஸாகப் போடும் பிவிசி, அட்டை மாதிரி விறைத்தது. விளம்பரப் பலகைக்குப் போடும் நெளி பிளாஸ்டிக் ‘டக்’கென்று ஒடிந்தது. முதுகுப்பை தைக்கும் தடித்த நைலான் துணி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் மடிந்து நிமிர்ந்தது. அதையே எடுத்தேன். படகு சீட்டுக்கு விற்கும் வினைல், எத்தனை டிகிரி வரை வெடிக்காது என்று குறிப்பிட்டே வரும். அது கிடைத்தாலும் நல்லதுதான். -18 தாங்கியது -30 தாங்கும் என்று உறுதி கிடையாது, ஆனால் தாங்காததை இந்தச் சோதனை ஒரே இரவில் கழித்துவிடும். மீன் வாடைக்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கணக்கு.

ஜன்னல்: இதுதான் உயிர்

முழுக்க மூடினால் நம் தைப்பூச வேன் கதைதான், பனியிலும். டர்போ டீசலில் ரேடியேட்டருக்கு முன்னால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கும், கியர் ஆயில் கூலரும் அங்கேயே இருக்கலாம். அவற்றுக்கு எப்போதும் கொஞ்சம் காற்று வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட கணக்கு ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது. மருமகன் வண்டியின் கிரில் 44 இன்ச் அகலம், 15 இன்ச் உயரம். பெருக்கினால் 660. ஐந்தில் ஒரு பங்கு 132. ஆகவே 12க்கு 11 என்று ஒரு ஜன்னல். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். உறையே போடாதே என்று இருந்தால் அதையும்.

ஜன்னல் ஃபேனின் மையத்துக்கு நேராக வர வேண்டும். பாதிக் கிரில்லை மூடிப் பாதியைத் திறந்துவிடுவது சுலபமாகத் தெரியும், செய்யாதீர்கள். ஃபேன் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் காற்று உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் மாறிமாறிப் போகும். அந்த உதறல் இறக்கைக்கு ஆகாது.

இந்த நிரந்தர ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் சுருட்டி மேலே கட்டிக்கொள்ளும் ஒரு மடல் வைத்தேன். குளிர் குறைந்தால் மடலைச் சுருட்டினால் போதும், உறையைக் கழற்ற வேண்டாம். மடலுக்கு ஒட்டும் பட்டை (வெல்க்ரோ) வைத்தால் பனித்தூள் புகுந்து பிடிக்காமல் போகும். பெரிய பிளாஸ்டிக் பக்கிள் வைத்தேன், கையுறையோடு அழுத்த வசதி.

வெட்டுவதும் தைப்பதும்

படியைத் துணி மேல் வைத்து, சுற்றிலும் 2 இன்ச் கூட்டி வெட்டுங்கள். ஓரத்தை இரண்டு முறை ஒரு இன்ச்சாக மடித்து, மடிப்புக்குள் நைலான் நாடாவை ஓடவிட்டுத் தையுங்கள். நாடா இல்லாவிட்டால் காற்றில் ஓரம் படபடத்துக் கிழியும். வினைலாக இருந்தால் குண்டூசி வேண்டாம், குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். துணி காயப்போடும் கிளிப் போதும்.

நூல் பாலியஸ்டர், ஊசி 18ஆம் நம்பர். ஒரு இன்ச்சுக்கு ஆறு தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். மூலைகளில் நான்கைந்து அடுக்கு சேரும். அங்கே மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பாட்டி வீட்டுக் கறுப்பு சிங்கர் இருந்தால் அது இதற்கெல்லாம் அசையாது.

ஜன்னலை வெட்டும்போது நேராக 12க்கு 11 வெட்டிவிடாதீர்கள். ஒரு இன்ச் உள்ளே தள்ளி வெட்டி, மூலையில் கத்தரி போட்டு, பின்பக்கம் மடித்துத் தையுங்கள். நான் முதல் உறையில் இதை மறந்து, ஜன்னல் 14க்கு 13 ஆகிவிட்டது.

வளையமும் கட்டும்

பித்தளை வளையம் வாங்குங்கள். அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள், இரும்பு ஒரே பருவத்தில் துருப்பிடித்து வழியும். எட்டு இன்ச்சுக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று. வளையம் விழும் இடத்தில் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துவிட்டு, மரக்கட்டை மேல் வைத்து அடியுங்கள்.

கட்டுவதற்கு நைலான் நாடா. ரப்பர் கயிறு குளிரில் விறைத்து இழுவை போய்விடும், பிளாஸ்டிக் கேபிள் டை ஒடியும். நாடாவைக் கிரில் கம்பிகளுக்குள் நுழைத்து இறுக்குங்கள். தொங்கும் நுனி ஒன்றுகூட உள்ளே ஃபேன் பக்கம் போகக் கூடாது. துணி பெயின்ட் மேல் படாமல் கிரில்லோடு நிற்கட்டும். நடுவில் மண் சிக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பெயின்ட் போகும்.

ஓட்டும்போது

மருமகனுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது: 0 டிகிரிக்கு மேல் போனால் மடலைச் சுருட்டு, 5 டிகிரி தாண்டினால் முழுக்கக் கழற்று, டிரெய்லர் இழுத்தால் எந்தக் குளிராக இருந்தாலும் கழற்று. பல வண்டிகளில் முள் நடுவில் வந்ததும் அங்கேயே நிற்கும். உள்ளே பத்துப் பதினைந்து டிகிரி ஏறினாலும் அசையாது. வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்க இருக்கும் ஓபிடி துளையில் சொருகி, சூட்டின் எண்ணைப் போனில் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கச் சொன்னேன். அது இல்லாதவர்கள் காதை நம்பலாம். குளிரில் ஃபேன் திடீரென்று உறுமினால் காற்று போதவில்லை என்று அர்த்தம், அப்போதே ஓரங்கட்டி மடலைத் திறக்க வேண்டும்.

முன்பெல்லாம் வேலையிடத்தைத் தொடும்போதுதான் அவனுக்கு ஹீட்டரில் சூடு வரும். இப்போது பாதி வழியிலேயே தொப்பியைக் கழற்றிவிடுகிறானாம்.

பருவம் முடிந்து கழற்றியதும் உப்புப் போக வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மடிக்காமல் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர் வண்டிக்கும் ஒன்று வேண்டுமாம். படி எடுத்த பிளாஸ்டிக் நேற்றுத் தபாலில் வந்தது. ஃபேன் மையத்தைக் குறிக்க மறந்துவிட்டார்கள்.