விற்காத டூலை ஓப்பன் சோர்ஸ் ஆக்கினால் பிழைக்குமா?

காசுக்கு விற்ற புரோகிராமிங் டூல் ஒன்றுக்கு மவுசு குறைந்ததும், "ஓப்பன் சோர்ஸ் ஆக்கிவிடுங்கள் (அதாவது, புரோகிராமர்கள் எழுதிய மூல கோடான சோர்ஸை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவிடுங்கள்), பிழைத்துக்கொள்ளும்" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். பாஸ்கல் மொழியில் சாஃப்ட்வேர் எழுத உதவும் டெல்ஃபிக்கும் இதே யோசனையைச் சொல்கிறார்கள். பிழைத்தவையும் உண்டு. ஆனால் கம்பெனிகள் அதைச் செய்கிற விதத்திலேயே பாதி கெட்டுப்போகிறது.

கடைசி மூச்சு வரை காத்திருப்பது முதல் தவறு. பயன்படுத்துகிறவர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார்கள். சோர்ஸை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் முடியாது. 1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் பிரவுசரைத் திறந்தபோது, அடுத்தவர்களுக்குச் சொந்தமான பகுதிகளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மிஞ்சியதிலும் பெரும்பகுதியைக் கிடப்பில் போட்டுப் புதிதாக எழுதி, மொசில்லா 1.0 வெளிவர 2002 ஆகிவிட்டது.

கொடுத்ததைப் பாதியில் பிடுங்குவது இன்னும் மோசம். போர்லாந்து கம்பெனி (அப்போது பெயர் இன்பிரைஸ்) 2000-இல் இன்டர்பேஸ் டேட்டாபேஸின் சோர்ஸை வெளியிட்டது, அப்புறம் மனம் மாறி அடுத்த பதிப்புகளைப் பழையபடி விற்கப் போய்விட்டது. வெளியான கோடிலிருந்து ஃபயர்பேர்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் பிரிந்து வளர்ந்தது. அந்த சோர்ஸை மேய்ந்தவர்கள் கண்ணில் பட்டதுதான் வேடிக்கை: 'பொலிட்டிகலி' என்ற யூசர்நேம், 'கரெக்ட்' என்ற பாஸ்வேர்டு, இவற்றைக் கொடுத்தால் யாரும் உள்ளே நுழையலாம் என்று கோடுக்குள்ளேயே பதிந்த ஒரு பின்வாசல், 1994 முதல் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது.

லைசென்ஸிலும் கஞ்சத்தனம் கூடாது. வாட்காம் கம்பைலரை (எழுதிய கோடைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம்) திறந்த சைபேஸ் கம்பெனி, சொந்த உபயோகத்துக்கு மாற்றினாலும் சோர்ஸை வெளியிட வேண்டிவரும்படி நிபந்தனை வைத்தது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை நடத்துகிறவர்கள் அதைச் சுதந்திர மென்பொருளாகவே (யாரும் தடையின்றி பயன்படுத்தி மாற்றக்கூடியதாக) ஏற்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, திறந்தவுடன் ஊரே வந்து கோடு எழுதும் என்று நம்புவது. டெல்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன், மெனு போன்ற ஆயத்த உறுப்புகளைக் கொண்ட அதன் வி.சி.எல். லைப்ரரியின் சோர்ஸ், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூடிக் கிடப்பது கம்பைலர். ஃபார்ம் வரைந்து பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர் தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம், அதற்காக கம்பைலரில் கைவைப்பாரா? அந்த வேலை தெரிந்தவர்கள் வெகு சிலர், அவர்களிலும் ஆர்வமுள்ளவர்கள் பல வருடமாக ஃப்ரீ பாஸ்கல் என்ற ஓப்பன் சோர்ஸ் கம்பைலரிலும், டெல்ஃபி மாதிரியே அதன் மேல் கட்டிய லாசரஸிலும் இருக்கிறார்கள்.

முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டர் பிழைத்ததே என்று கேட்பீர்கள். 2002-இல் அதன் கம்பெனி மூடியபின், அதை உருவாக்கிய டோன் ரோசெண்டால் முதலில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார், பயனர்களிடம் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டினார், அதைக் கொடுத்துத்தான் சோர்ஸை வாங்கினார். கைவிடாத ஆளும், காசு போடத் துணிந்த பயனர்களும் கோடு வெளிவரும் முன்பே இருந்தார்கள். டெல்ஃபிக்கு அப்படி யாரும் கிளம்பாத வரை, கம்பைலரைத் திறக்கச் சொல்லி மனுப்போடுவதைவிட லாசரஸில் ஒரு பிழையைத் திருத்திக் கொடுப்பது மேல்.