உறைந்த ஏரியில் ஸ்னோமொபைல்: கனடா போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குக் கோபிசெட்டிபாளையம் வந்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஜனவரியில், நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வருகிறான். "ஏனுங்ணா, ஏரி மேலயே வண்டி ஓட்டலாமாமே?" என்று கேட்டான். ஓட்டலாம். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஐஸின் கனம்தான் முதல் கேள்வி. ஒருவர் நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு (பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டி) 25 செ.மீ. வேண்டும் என்கிறது கனடிய செஞ்சிலுவைச் சங்கம். அதுவும் தெளிந்த நீல ஐஸாக இருந்தால். வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான். சாம்பல் நிறமென்றால் காலே வைக்காதீர்கள். ஓடை வந்து சேரும் இடம், பாலத்தடி, தீவுகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு இங்கெல்லாம் அடியில் தண்ணீர் ஓடுவதால் ஐஸ் மெலிந்திருக்கும். பவானி கூடுதுறையில் மேலே சலனமில்லாமல் அடியில் இழுக்குமே, அப்படி.

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் நாம், நீச்சல் தெரியும் என்ற தைரியம் இருக்கும். அந்தக் குளிரில் அது மட்டும் போதாது. ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்ததும் சுமார் 1 நிமிடம் மூச்சு வாங்கும்; பதறாமல் அதை அடக்க வேண்டும். அப்புறம் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். வந்த பக்கமே திரும்புங்கள், அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. காலை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

ஏறுவதற்குப் பிடிமானம் வேண்டுமே? இரண்டு மரப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு கூர் ஆணி, நடுவே கயிறு. கழுத்தில் மாட்டிக்கொண்டால் விழுந்த நொடியில் கைக்கு வரும். தம்பிக்கு வேப்பங்கட்டையில் செய்துகாட்டினேன். சின்ன வயதில் இடுப்பில் சுரைப்புருடை கட்டித்தானே இறங்கினோம்? அங்கே அதற்குப் பதில் மிதக்கும் கோட்டு. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டினால் வரும் அதே குற்றம்தான்.

ஒன்டாரியோவிலுள்ள சிம்கோ ஏரியில், ஐஸ் மேல் மீன் பிடிப்பவர்களின் குடிசைகள் நிறைய இருக்கும். அவற்றின் அருகே வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடித்தால், கிளம்பும்போது கிளை நட்டு அடையாளம் வையுங்கள். கூட்டமாகப் போனால் இடைவெளி விட்டு வரிசையாகப் போங்கள். நிற்கும்போதும் வண்டிகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். யாராவது விழுந்தால் ஓடிப்போகாமல், படுத்தபடி கயிறு எறியுங்கள், அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

கிளம்பும்போது போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். வந்ததும் வந்துவிட்டதாகச் சொல்லுங்கள். மறந்தால், இருட்டில் உங்களைத் தேடுபவரும் அதே ஐஸ் மேல்தான் வர வேண்டும்.