இதயம் எவ்வளவு தடையை எதிர்த்துத் தள்ளுகிறது? கணக்கிடும் முறை

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து ஐசியூக்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் அலுக்காமல் சொல்வது இதுதான்: பிபியை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்டாதீர்கள். இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தையும் ரத்தக்குழாய்கள் கொடுக்கும் தடையையும் பெருக்கினால் கிட்டத்தட்ட வருவதுதான் அழுத்தம். அந்த விடையை வைத்துக்கொண்டு இரண்டில் எது கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. மருந்தை டாக்டர் முடிவு செய்வார், எண்ணைச் சரியாக எடுத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

எந்த மெஷினுக்கும் முன்னால் நோயாளியின் பாதத்தைத் தொடுங்கள். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகி, பாதமும் சில்லென்று இருந்தால் குழாய்கள் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் சராசரி அழுத்தம். பிபி 110/65 என்றால் வித்தியாசம் 45, அதில் மூன்றில் ஒரு பங்கு 15, அதைக் கீழ் எண்ணோடு கூட்டினால் 80.

அடுத்தது சிவிபி, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம். அழுத்தத்தை மானிட்டருக்கு அனுப்பும் கருவியான டிரான்ஸ்டியூசரை நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கிற மட்டத்தில் வைத்து ஜீரோ செய்யுங்கள். தண்ணீர் மானோமீட்டர்தான் இருக்கிறது என்றால் வரும் சென்டிமீட்டரை 1.36 ஆல் வகுக்க வேண்டும், 7 செ.மீ. ஏறக்குறைய 5 மி.மீ. பாதரசம். இதை மறந்து சென்டிமீட்டரையே கணக்கில் போடுவது அடிக்கடி நடக்கிறது.

கஷ்டமான பகுதி கார்டியாக் அவுட்புட், அதாவது இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தம். 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் (இதயத்தின் வழியாக நுரையீரல் தமனிவரை செலுத்தும் குழாய்) இருந்தால் அதிலேயே எடுக்கலாம், ஆனால் நம் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) தான் வழி. இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் ரத்தம் போகும் வாயிலின் விட்டத்தை அளக்க வேண்டும். 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14. அதே இடத்தில் ரத்தத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் வைத்து வளைவை வரைந்தால் விடிஐ (ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரம்) கிடைக்கும், 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஒரு துடிப்புக்கு சுமார் 63 மி.லி., நாடி 80 என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர். விட்டத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள், ஏனென்றால் அது வர்க்கமாகக் கணக்கில் வருகிறது: 2.0ஐ 1.8 என்று அளந்துவிட்டால், கீழே கணக்கில் 1200 என்று வரவேண்டிய தடை 1480 பக்கம் போய் நிற்கும்.

இனி கணக்கு சுலபம். சராசரி அழுத்தம் 80இலிருந்து சிவிபி 5ஐக் கழித்தால் 75, அதை 5 லிட்டரால் வகுத்தால் 15. இதுதான் தடை, வுட் யூனிட் என்ற அலகில். இதை 80 ஆல் பெருக்கினால் 1200 டைன் (முழு அலகு டைன்-விநாடி/செ.மீ.⁵). (இந்த 80 அலகை மாற்றுவதற்கு மட்டும்தான், மேலே வந்த நாடியோடும் சராசரி அழுத்தத்தோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பொதுவாக 800 முதல் 1200 வரை சரி என்று வைத்துக்கொள்வார்கள்.

இப்போது அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேர், இருவருக்கும் பிபி 90/60, சராசரி 70. ஒருவருக்கு செப்சிஸ் (கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் பாதித்த நிலை): சிவிபி 6, அவுட்புட் 8 லிட்டர், தடை 640. இன்னொருவருக்கு மாரடைப்பில் இதயம் சோர்ந்திருக்கிறது: சிவிபி 14, அவுட்புட் 2.8, தடை 1600. மானிட்டரில் ஒரே பிபி, ஆனால் முதலாமவருக்குக் குழாயை இறுக்கும் மருந்து தேவைப்படும், இரண்டாமவருக்கு அதையே ஏற்றினால் சோர்ந்த இதயத்தின் மேல் இன்னும் சுமை ஏறும்.

நம் ஆந்திர எல்லைப் பகுதியில் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் செந்தேள். பலமநேர், வி.கோட்டா பக்கம் வேர்க்கடலைக் காட்டிலிருந்து "தேலு குட்டிந்தி" (தெலுங்கில், தேள் கொட்டிவிட்டது) என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். விஷம் நரம்புகளைத் தூண்டி அட்ரினலின் வகை ரசாயனங்களைக் கொட்டவைக்கும், குழாய்கள் இறுகும், வியர்த்துக் கொட்டும், கைகால் ஐஸாகிவிடும், தடை தாங்காமல் இதயம் திணறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிராவின் மஹாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற மருந்தைக் கொடுத்துக் காட்டியது இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான். அந்த நேரத்தில் குழந்தைக்கு எக்கோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், குளிர்ந்த பாதத்தைப் பார்த்த உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்து தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள். விட்டத்தை மட்டும் புதிதாக அளக்காமல் முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டு, விடிஐ, நாடி, பிபி, சிவிபி நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்து, மணியோடு சார்ட்டில் எழுதுங்கள்.