பழைய புல்லட்டின் பிரைமரி செயினும் கிளட்சும்: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி?

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது (வழுக்குகிறது) என்று சொன்னால் போதும், பிளேட் செட் மாற்ற வேண்டும் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பிளேட்டில் ஒரு குறையும் இல்லாமலே கேபிள், புஷ் ராடு (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பி), செயின் கேஸ் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் ஓடும் இடது பக்கப் பெட்டி) ஆயில் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று சரியில்லாமல் கிளட்ச் தொல்லை கொடுக்கும். அதனால் என் வழி எப்போதும் வெளியிலிருந்து உள்ளே. செலவில்லாத வேலையை முதலில் முடித்துவிட்டு, செயின் கேஸ் கவரைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும்.

இங்கே சொல்வது வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் உள்ள காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350க்கு. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் தயாரான அதே வண்டி. பின்னால் வந்த யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சினில் கிளட்சுக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஆயில், செயின் டென்ஷனரும் தானாகவே வேலை செய்யும். ஆகவே இதில் பாதி அந்த வண்டிக்குப் பொருந்தாது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லை என்றால் அது ஸ்லிப். லீவரை முழுக்கப் பிடித்தும் கியர் 'டக்'கென்று இடித்து விழுகிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்கவே இல்லை என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. இரண்டும் நேரெதிர் கோளாறுகள்.

பிளேட் தேயத் தேய, அவற்றை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்ளே போகும். அது கியர்பாக்ஸ் நடுவே ஓடும் புஷ் ராடை வலது பக்கம் தள்ளும். லீவரில் இருக்க வேண்டிய ப்ளே (வெறும் ஆட்டம்) குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நீங்கள் கை வைக்காமலே கிளட்ச் கொஞ்சம் அமுங்கியபடி இருக்கும். ஸ்லிப் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேபிள் நீண்டுவிட்டாலோ ப்ளே கூடிவிடும், கிளட்ச் விடுபடாது.

ஒரு விஷயம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிளேட்கள் ஆயிலோடு ஒட்டிக்கொள்வது சகஜம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் லீவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதித்தால் பிரிந்துவிடும். இது கோளாறு இல்லை, இதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

புஷ் ராடு அட்ஜஸ்ட்மென்ட்

பலர் விட்டுவிடும் வேலை இது. ப்ளே மாறினால் கேபிள் அட்ஜஸ்டரை மட்டுமே திருகித் திருகிச் சமாளிப்பார்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் ஆர்ம் தப்பான கோணத்துக்குப் போய்விடும். லீவர் கனமாகும், பிளேட்டும் சரியாகப் பிரியாது.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். கேபிள் அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகிக் கேபிளைத் தொளதொளவென்று விடுங்கள். வலது பக்கம் கியர்பாக்ஸ் கவரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் கிளட்ச் ஆர்மும் லாக்நட் போட்ட ஒரு ஸ்க்ரூவும் தெரியும். லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை விரல் பலத்தில் மட்டும் மெல்ல உள்ளே திருகுங்கள். ராடு முனையைத் தொட்டதும் ஸ்க்ரூ லேசாக முட்டுவது கையில் தெரியும். அங்கே நிறுத்தி அரைச் சுற்று பின்னால் எடுங்கள். ஸ்க்ரூ நகராமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டே லாக்நட்டை இறுக்குங்கள்.

அப்புறம் கேபிள். ஹேண்டில்பார் லீவரில் 2 முதல் 3 மி.மீ. வெறும் ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, அந்த ஆட்டம் எங்கேயும் மறையவில்லை என்று உறுதி செய்யுங்கள். கேபிள் முனையில் ஒரு கம்பி இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வண்டியை ஓட்டிப் பாருங்கள். தொல்லை தீர்ந்திருந்தால் கிளட்ச் வேலை இத்தோடு முடிந்தது.

கவரைத் திறப்பது

ஐடிலிங்கில் இடது பக்கம் செயின் கேஸில் உரசுவது போல் 'கடகட' சத்தம் கேட்டாலும், ஸ்லிப் போகாவிட்டாலும் கவரைத் திறக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வையுங்கள். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுங்கள். கீழே அகலமான டிரே வையுங்கள், கவர் பிரிந்ததும் ஆயில் மொத்தமும் கொட்டும். கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றிக் கையால் தட்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினிய விளிம்பில் காயம் விழும், பிறகு அந்த இடத்தில் ஆயில் கசியும்.

கொட்டிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி மாதிரி மினுமினுப்பு நிறைய இருந்தால் தொய்ந்த செயின் கேஸில் உரசியிருக்கிறது. கொட்டிய ஆயில் நீங்கள் ஊற்றியதைவிட அதிகமாக இருந்தால், எஞ்சின் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் போய் எஞ்சின் ஆயில் இங்கே வருகிறது. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

செயின் தொய்வு

எஞ்சின் பக்கம் 25 பல், கிளட்ச் பக்கம் 56 பல், இரண்டையும் இணைக்கும் இரட்டை வரிசைச் செயின். புல்லட்டில் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்த்து போல்ட் போட்டது. அதை நகர்த்திச் செயினை இறுக்க முடியாது. அதற்குப் பதில் செயினின் கீழ் ஓட்டத்துக்கு அடியில் வளைந்த ஸ்லிப்பர் ஒன்று இருக்கிறது. லாக்நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டர் ஸ்க்ரூவைத் திருப்பினால் அது ஏறும், இறங்கும்.

மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். மொத்த ஆட்டம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. இருக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். எங்கே மிகவும் இறுக்கமோ அந்த இடத்தில் 6 மி.மீ. வையுங்கள். தொய்ந்த இடத்தை வைத்துச் செட் செய்தால், இறுகும் இடம் வரும்போதெல்லாம் கிராங்க் பேரிங்கையும் மெயின்ஷாப்டையும் செயின் இழுக்கும். செயின் கொஞ்சம் தொய்வாக இருப்பதைவிட இது மோசம்.

பிளேட்

ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி, பிரஷர் பிளேட் சமமாக எழும்புகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து எழும்பினால் ஸ்பிரிங்குகளைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, பிளேட்களை வந்த வரிசையிலேயே காகிதத்தில் அடுக்குங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்துவிட்டது, மாற்றுங்கள். கிளட்ச் டிரம்மைக் கழற்ற முயல வேண்டாம். செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது, இரண்டு பல்சக்கரமும் சேர்ந்துதான் வரும், புல்லர் இல்லாமல் ஆகாது.

மூடுவது

பள்ளத்தில் ரப்பர் சீல் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கட்டும். ஆல்டர்னேட்டர் ஒயர் நசுங்காதபடி கவரை வைத்து நட்டை இறுக்குங்கள். கசிவு நிற்கும் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் கவர் நெளிந்து கசிவு கூடும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போட்ட ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயில் போதும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்கவிடும். வண்டியை நேராக நிறுத்தி, லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். அந்த ஓட்டையில் சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி, சொட்டு நின்ற பிறகு ஸ்க்ரூவைப் போடுங்கள்.

பிரேக் பெடலைத் திரும்ப மாட்டியதும், தெருவில் இறங்கும் முன் பின் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அட்டையில் சொட்டு இருந்தால் நட்டைத் தொடாமல், சீலை எடுத்து மறுபடி உட்கார வையுங்கள்.