ஸ்டான்ட்பையைப் பிரைமரியாக்கும்போது விடும் பிழைகள்

கிளிநொச்சியில் பிரைமரி (பதிவுகளை எழுதும் முதன்மைச் சர்வர்), வவுனியாவில் ஸ்டான்ட்பை (அதன் மாற்றங்களை வாங்கிக்கொண்டு தயாராக நிற்கும் நகல்). நெல் கொள்வனவு செய்யும் ஒரு சங்கம் தன் கணக்கை இப்படி போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் இரண்டு சர்வர்களில் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடை நேரத்தில் கிளிநொச்சியிலிருந்து பதிலே இல்லை. வவுனியாவில் இருப்பவர் ப்ரமோட் கட்டளையைக் கொடுக்கிறார், சில நொடிகளில் ஸ்டான்ட்பை பிரைமரியாகிவிடுகிறது. கட்டளை பிழைப்பது அபூர்வம். அதற்கு முன்னும் பின்னும் பார்க்காமல் விடுபவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலாவது, பழைய சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்காமல் விடுவது. அறுந்தது இணைப்பு மட்டும் என்றால், கிளிநொச்சி தராசடியில் இருப்பவர்கள் உள்வலையில் தொடர்ந்து பதிந்துகொண்டுதான் இருப்பார்கள். இரண்டு பக்கமும் எழுதப்பட்ட பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தானாக ஒன்றுசேர்க்காது. கரண்ட் போய் நின்ற சர்வர் என்றாலும் நிம்மதி இல்லை: கரண்ட் வந்ததும் அது எழும்பி, தானே பிரைமரி என்ற நினைப்பில் வேலையைத் தொடங்கும். வவுனியாவில் நடந்தது அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் அங்கே ஒருவருக்குப் போன் எடுத்து சர்வரை நிறுத்தச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் தானாகத் தொடங்குவதையும் முடக்கச் சொல்லுங்கள். இரண்டே சர்வர்களை வைத்துக்கொண்டு இந்தத் தீர்மானத்தை மென்பொருளிடம் விடுவது எனக்கு உடன்பாடில்லை. மற்றது செத்ததா, லைன் அறுந்ததா என்று இரண்டு சர்வர்களால் பிரித்தறிய முடியாது. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ மூன்றாவதாக ஒரு சிறிய சாட்சிக் கணினி வேண்டும்.

அடுத்தது ரெப்ளிகேஷன் ஸ்லொட்கள்: ஒரு நகல் இன்னும் வாங்காத மாற்றங்களை அழிக்காமல் பிடித்து வைக்கச் சொல்லும் குறிப்புகள். கூடுதலாகக் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். பிரைமரியில் செய்த பிசிக்கல் ஸ்லொட்கள் (சர்வரை முழுதாக நகலெடுப்பவற்றுக்கானவை) ஸ்டான்ட்பைக்குப் போய்ச் சேராது. முல்லைத்தீவில் அறிக்கைகளுக்கென்று இன்னொரு நகல் ஓடினால், அது கேட்கும் ஸ்லொட் புதிய பிரைமரியில் இருக்காது, தொடர்பும் கிடைக்காது. அதே பெயரில் ஸ்லொட்டை ஸ்டான்ட்பையில் முன்கூட்டியே செய்து வைக்கலாம். உடனே இடம் ஒதுக்கச் சொல்லாமல் செய்தால், யாராவது வந்து இணையும்வரை அது எந்த டபிள்யூ.ஏ.எல். கோப்பையும் (மாற்றங்களை முதலில் எழுதும் பதிவேடு) பிடித்து வைக்காது. லாஜிக்கல் ஸ்லொட்களை (தேர்ந்த அட்டவணைகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பப் பயன்படுபவை) ஸ்டான்ட்பையுடன் ஒத்திசைக்கும் வசதி 17ஆம் பதிப்பில் வந்தது. அதுவும் ஸ்லொட்டைச் செய்யும்போதே ஃபெயிலோவர் என்று குறித்து, ஸ்டான்ட்பையிலும் ஒத்திசைவை இயக்கினால்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். திட்டமிட்டு ஒழுங்காக இடம் மாற்றி, பழைய பிரைமரியை ஸ்டான்ட்பையாக்கும்போது அதன் பழைய ஸ்லொட்கள் அப்படியே கிடக்கும். வராத வாடிக்கையாளருக்குச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும் கடை மாதிரி, கோப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பும். இதற்கு உச்சவரம்பு போடும் வசதி 13ஆம் பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் இயல்பில் வரம்பே கிடையாது. ஹொட் ஸ்டான்ட்பை ஃபீட்பேக் (தனக்குத் தேவையான பழைய வரிசைகளை அகற்ற வேண்டாம் என்று நகல் பிரைமரிக்குச் சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால், அந்தச் சர்வர் மறுபடி பிரைமரியாகும் நாளில் செத்த வரிசைகளை வாக்கியூம் என்ற துப்புரவு வேலையால் அகற்றவும் முடியாமல் போகும். இடம் மாறிய அன்றே இரண்டு பக்கமும் ஸ்லொட் பட்டியலைப் பார்த்து, ஆளில்லாதவற்றை அழியுங்கள்.

எந்த ஸ்டான்ட்பையின் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று குறிக்கும் சிங்க்ரனஸ் ஸ்டான்ட்பை நேம்ஸ் என்ற அமைப்பும் ஒரு பொறி. ஸ்டான்ட்பையை அமைக்க எடுத்த பேஸ் பேக்கப்போடு (முழு நகல்) அதுவும் சேர்ந்து வந்திருந்தால், புதிய பிரைமரியானது, இப்போது இல்லாத ஒரு ஸ்டான்ட்பையின் பதிலுக்காக ஒவ்வொரு கொமிட்டிலும் (பதிவை உறுதிசெய்யும்போதும்) காத்து நிற்கும். காசாளருக்குத் திரை உறைந்ததாகத் தெரியும். நிறுத்திவிட்டு மறுபடி அழுத்துவார். முதலாவது பதிவு உள்ளே ஏற்கெனவே ஏறிவிட்டது, ஆகவே ஒரே மூட்டைகளுக்கு இரண்டு பில்.

பழைய சர்வரைத் திரும்பச் சேர்ப்பதற்கு வருவோம். அது தனியாக எதையாவது எழுதியிருந்தால், ஸ்டான்ட்பை என்று அறிவித்துத் தொடங்கினாலும் டைம்லைன் (பதிவுகளின் வரலாற்றுக் கிளை) பிரிந்துவிட்டது என்று மறுக்கும். பழைய சர்வரைப் பிரிந்த இடத்துக்குத் திருப்பி புதிய பிரைமரியோடு ஒத்துப்போகச் செய்யும் பிஜி ரீவைண்ட் என்ற கருவி உதவும், ஆனால் டேட்டா செக்சம் (தரவு பழுதானதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அல்லது வால் லொக் ஹின்ட்ஸ் என்ற அமைப்பை முன்பே போட்டிருக்க வேண்டும். 18ஆம் பதிப்பில் புதிதாக அமைத்தால் செக்சம் இயல்பாகவே இருக்கும். ஓட்டுமுன் புதிய பிரைமரியில் ஒரு செக்பொயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதவைக்கும் கட்டளை) கொடுங்கள். அதைவிட முக்கியம், பழைய டேட்டா அடைவை அப்படியே நகலெடுத்து வைப்பது. ரீவைண்ட், கிளிநொச்சியில் மட்டும் பதிந்த நெல் நிறைகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். நகல் இல்லாவிட்டால் விவசாயி காட்டும் துண்டுதான் ஒரே சாட்சி.

சின்னதாக ஒன்று: ஸ்டான்ட்பையைப் பிரைமரியாக உயர்த்திய பிறகு பில் எண்கள் திடீரென்று தாண்டலாம். சீக்குவென்ஸ் (எண்களை வரிசையாகக் கொடுக்கும் வசதி) 32 எண்களை முன்கூட்டியே பதிந்து வைப்பதால் அப்படி நடக்கும், தரவு தொலைந்துவிட்டதாக அர்த்தமில்லை. கணக்காய்வாளர் இடைவெளியை ஏற்கமாட்டார் என்றால், பில் எண்ணை சீக்குவென்ஸில் விடாமல் தனி அட்டவணையில் வைத்து எடுங்கள்.